தீவு வெயிலில் ஒரு நிறம்

பங்குனி உத்திரத்தன்று அந்தமானிலுள்ள ஸ்ரீ விஜய புரத்துக்கு (பலர் வாயில் அது இன்னும் போர்ட் பிளேர்தான்) போனால், வெற்றிமலை முருகன் கோயிலை நோக்கிக் காவடிகளும் பால்குடங்களும் வந்துகொண்டிருக்கும். கூட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் மஞ்சள் துணிதான்.

தமிழர்களுக்கு இது கொண்டாட்டத்தின் நிறம் மட்டுமல்ல, காப்பும்கூட. விரதம் இருப்பவர் கையில் மஞ்சள் கயிறு கட்டப்படுகிறது. தாலி செய்யப் பொன் இல்லாத வீட்டில் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டினாலே கல்யாணம் நிறைந்துவிடும். அம்மை இறங்கியவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, அதில் வேப்பிலையோடு மஞ்சளும் கரைந்திருக்கும். நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்த உடம்பில் முதலில் படுவது அந்த நிறமும் வாசனையும்தான்.

தமிழர் கப்பலேறி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தீவுகளில் மஞ்சளுக்கு வேறொரு வாழ்க்கை இருந்தது. அந்தமான் பழங்குடிகள் டென்ட்ரோபியம் என்ற ஆர்கிட் செடியின் தண்டுத் தோலை உரித்து அணிகலன்களை அலங்கரித்தார்கள். காய்ந்த தோல் பொன்மஞ்சளாக மின்னும். இறந்துபோன உறவினரின் எலும்புகளைக் கோத்த மாலைகளிலும் அது இடம்பெற்றது; வலி கண்ட இடத்தில் அந்த மாலையைக் கட்டினால் வலி போகும் என்று நம்பினார்கள். மஞ்சள் காவிமண்ணையோ நெருப்பில் சுட்டுச் சிவப்பாக்கி, கொழுப்பில் குழைத்து உடம்பில் பூசினார்கள். மண்ணிலுள்ள இரும்புத் தாது சூட்டில் நீரை இழப்பதால் வரும் மாற்றம் அது. சிவப்பு அவர்களுக்கு இரத்தமும் நெருப்பும் என்று 1906 முதல் 1908 வரை அங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் விளக்கினார்.

மஞ்சளுக்கு மறுமுகமும் உண்டு. காமாலை அந்த நிறத்தில்தான் வருகிறது. கடனில் மூழ்கியவன் 'மஞ்சக் கடுதாசி' கொடுக்கிறான். பரபரப்புக்காகப் பொய் எழுதும் ஏடு 'மஞ்சள் பத்திரிகை'.

2019இல் வெளியான ஓர் ஆய்வு, 55 நாடுகளில் 6,625 பேரிடம் மஞ்சள் என்ன உணர்வைத் தருகிறது என்று கேட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய, மழை மிகுந்த நாடுகளில்தான் மஞ்சளை மகிழ்ச்சியோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் அதிகம். அப்படிச் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு பின்லாந்தில் ஏறத்தாழ 88 சதவீதம். வெயில் வாட்டும் எகிப்தில் 6 சதவீதம்கூட இல்லை. சூரியனுக்காக ஏங்குபவர்களுக்கே அதன் நிறம் இனிக்கிறது போலும்.

அப்படியானால் அந்தமான் நிகோபார் எந்தப் பக்கம்? தீவுகள் இருப்பது வடக்கே 6 முதல் 14 பாகைக்குள். ஆண்டு மழையோ சுமார் 3,000 மில்லிமீட்டர். வெயில் ஒருபுறம் இழுக்க, மழை மறுபுறம் இழுக்கிறது. தவிர, நிறத்தின் பெயரை மட்டும் சொல்லி உணர்வைக் கேட்கும் ஆய்வில் மஞ்சளின் வாசனையும், அதை அரைத்த கையில் ஒட்டிய கறையும் சிக்குவதில்லை. இலங்கை மலையகத்தின் மழையிலிருந்து 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, நிகோபாரிலுள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அடுத்த ஆய்வாளர் அங்கே போய்க் கேட்கட்டும், நிறத்தின் பெயரைச் சொல்லி அல்ல, ஒரு கிழங்கைக் கையில் கொடுத்து.