வீடு மாறும்போது எரிவாயு சிலிண்டரை என்ன செய்ய வேண்டும்?

வேறு ஊருக்குக் குடிபெயரும் சில குடும்பங்கள், வீட்டுப் பொருள்களுடன் சமையல் எரிவாயு சிலிண்டரையும் எடுத்துச் செல்கின்றன. இது ஆபத்தானது, தேவையற்றதும்கூட.

சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. வைப்புத்தொகையின் பேரில் அவை நுகர்வோருக்கு வழங்கப்படுகின்றன. ஊரை விட்டுச் செல்லும் முன் அவற்றை விநியோகஸ்தரிடம் ஒப்படைத்தால், இணைப்பு ஆவணத்தில் குறிப்பிட்டுள்ள வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். இணைப்பு மாற்றச் சீட்டும் வழங்கப்படும்.

புதிய ஊரில் உள்ள விநியோகஸ்தரிடம் அந்தச் சீட்டையும் முகவரிச் சான்றையும் அளித்து, அப்போது நடைமுறையில் உள்ள வைப்புத்தொகையைச் செலுத்தினால் இணைப்பு தொடரும். அடுப்பை உடன் எடுத்துச் செல்லலாம். ஒரே நகருக்குள் வீடு மாறுவோர் சிலிண்டரை ஒப்படைக்க வேண்டியதில்லை. விநியோகஸ்தரிடம் முகவரி மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தேங்கி, சிறு தீப்பொறியிலும் பற்றிக்கொள்ளும். எனவே, ரயில் பெட்டிகளில் சிலிண்டர் கொண்டுசெல்லத் தடை உள்ளது. மீறுவோருக்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவின்கீழ் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை, ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.