களமும் வேலையிடமும்: மல்யுத்த வீரர்களின் போராட்டத்தை முன்வைத்து

2023 மே 28, ஞாயிற்றுக்கிழமை. காரியாபட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடை டி.வி.யில் இரண்டு காட்சிகள் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு, செங்கோல், நம்மூர் ஆதீனங்கள். மற்றதில் அதே கட்டடத்தை நோக்கி நடந்துபோன மல்யுத்த வீராங்கனைகளைப் போலீஸ் ஆளுக்கு நாலு பேராகத் தூக்கி பஸ்ஸில் ஏற்றுகிறது. செங்கோலுக்குத்தான் நேரம் அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர் சொன்னால் தெரிகிற கபடிக்காரர். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போனவர், லீவில் வந்திருந்தார். டி.வி.யைப் பார்த்துவிட்டு, “இவங்களுக்கு என்ன தம்பி, ரயில்வே உத்தியோகம் இருக்கு, பேசுறாங்க” என்றார். டீ ஆறுகிற நேரம் கழித்து அவரே, “உத்தியோகம் இருக்கவந்தான் தம்பி பேச முடியாது” என்றார்.

ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கிற இந்த இரண்டு வாக்கியங்களுமே உண்மை. விளையாட்டு வீரர்களின் எதிர்ப்பைப் பற்றி நம்மிடையே புழங்கும் பேச்சில் இந்த முரண் வருவதே இல்லை. அங்கே ஒரே ஒரு கேள்விதான்: விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா, கூடாதா? கலக்கலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். விளையாட்டு என்பது ஏதோ ஒரு தூய வெளி, அரசியல் வெளியிலிருந்து அதற்குள் வருகிறது என்று இரு தரப்புமே நம்புகிறது. விளையாட்டு ஒரு வேலை, களம் ஒரு வேலையிடம் என்று வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியே ஆட்டம் காண்கிறது.

இது என் வியாக்கியானம் அல்ல, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013 இல் வந்த சட்டம் ‘பணியிடம்’ எது என்று விளக்கும்போது அலுவலகம், மருத்துவமனை ஆகியவற்றோடு விளையாட்டுப் பயிற்சி நிலையம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் புகார் விசாரிக்க உள்குழு இருந்தாக வேண்டும். ஆனால் 2023 மே மாதம் தேசிய மனித உரிமை ஆணையம் பத்திரிகைச் செய்தி ஒன்றை வைத்துத் தானாகவே நோட்டீஸ் அனுப்பியபோது வெளிப்பட்ட விஷயம், நாட்டின் 30 விளையாட்டுக் கூட்டமைப்புகளில் சுமார் பாதியில் சட்டப்படியான குழு இல்லை என்பது. மல்யுத்தக் கூட்டமைப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. புகார் சொல்லக் கட்டடத்துக்குள் ஒரு நாற்காலி இல்லாதபோது தெருவைத் தவிர வேறு எங்கே போவது? வினேஷ் போகட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் 2023 ஜனவரி 18 அன்று ஜந்தர் மந்தரில் முதலில் உட்கார்ந்தது இந்தப் பின்னணியில்தான். கூட்டமைப்பின் தலைவரும் ஆளும் பா.ஜ.க.வின் எம்.பி.யுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு. (அவர் அதை மறுத்தார். வீராங்கனைகள் தொடுத்த வழக்கில் 2024 மே மாதம் டெல்லி நீதிமன்றம் அவர் மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்ய உத்தரவிட்டது. சிறுமி ஒருவர் தொடர்பான இன்னொரு வழக்கு 2025 மே மாதம் முடித்துவைக்கப்பட்டது.) ஏப்ரல் 23 அன்று மறுபடி உட்கார்ந்தார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், ஏப்ரல் 28 இல், போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டது.

ஆக, ஒரு வேலையிடத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றைப் பற்றி அங்கே வேலை செய்தவர்கள் பேசினார்கள். இதற்கு ‘அரசியல்’ என்று பெயர் சூட்டப்பட்டது எப்படி?

இங்கே ஒரு சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 27 அன்று இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா, வீரர்கள் தெருவுக்கு வந்தது ஒழுங்கீனம் என்று சொன்னார். உஷாவைத் திட்டித் தீர்ப்பது எளிது, அப்போது பலர் அதைச் செய்தார்கள். சில நாட்களில் அவரே ஜந்தர் மந்தருக்கு வந்து அவர்களைச் சந்தித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதுதான். தமிழில் ஒழுக்கமும் ஒழுங்கும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒழுக்கம் உயிரைவிடப் பெரியது என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைக்கிற சமூகம் நாம். அதே வேரிலிருந்துதான் அரசு அலுவலகத்தின் ‘ஒழுங்கு நடவடிக்கை’யும் வருகிறது. அறத்தின் சொல் எப்போது மெமோவின் சொல்லாக மாறியது? ஃபூக்கோ ஒழுங்கைப் பற்றி எழுதும்போது பாசறை, பள்ளி, தொழிற்சாலை என்று அடுக்குவார். உடலை நேரத்துக்கும் அசைவுக்கும் எடைக்கும் பழக்கி, திறமையும் பணிவும் ஒன்றாக வளரும்படி செய்கிற இடங்கள் இவை. மல்யுத்தப் பயிற்சி முகாமை அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மற்ற உதாரணங்கள் தேவைப்பட்டிருக்காது. எப்போது எழுவது, என்ன தின்பது, எத்தனை கிலோவில் நிற்பது எல்லாம் இன்னொருவர் கையில். அந்த ஒழுங்கில்தான் பதக்கம் பிறக்கிறது என்பதும் பொய்யில்லை. உஷாவே அந்த ஒழுங்கில் உருவானவர், தெற்கு ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர். உடலுக்கான ஒழுங்கு நாக்குக்கும் நீள்கிறது என்பது அவருக்கு இயல்பாகத் தோன்றியிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், 2022 இலேயே அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டுவிட்டார். விளையாட்டுக்காரர் நாடாளுமன்றத்துக்கு உள்ளே போனால் கௌரவம், அதை நோக்கி நடந்தால் ஒழுங்கீனம்.

சரி, சட்டம் இந்த நாக்குக்கு என்ன இடம் தருகிறது? இந்திய விளையாட்டு வீரருக்கு இரண்டு முதலாளிகள். சம்பளம் கொடுப்பது ஒருவர்: ரயில்வே, ராணுவம், போலீஸ், வங்கி. ஆட விடுவது இன்னொருவர்: கூட்டமைப்பு. முதல் முதலாளி அரசு. எனவே அரசியல் சட்டத்தின் 19 ஆவது பிரிவு அவரைக் கட்டுப்படுத்தும். அரசு ஊழியர் என்பதாலேயே ஒருவர் அடிப்படை உரிமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை என்று 1962 இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பீகார் அரசின் நடத்தை விதி எல்லா ஆர்ப்பாட்டத்தையும் தடை செய்தது செல்லாது, ஆனால் வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை கிடையாது. இந்த இரண்டாவது பாதி 2003 இல் தமிழ்நாட்டில் எப்படித் திரும்பி வந்தது என்பது நமக்குத் தெரியும். ஜூலையில் ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட்டில் வந்த ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு, வேலைநிறுத்தத்துக்குச் சட்ட உரிமை மட்டுமல்ல, தார்மீக உரிமைகூட இல்லை என்றது. ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் அந்த மாதம் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாவது முதலாளியின் கதை வேறு. 2005 இல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில், கிரிக்கெட் வாரியம் அரசியல் சட்டம் சொல்கிற ‘அரசு’ அல்ல என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் முடிவு சொன்னார்கள். உயர் நீதிமன்றத்துக்கு ரிட் போட வழி இருக்கிறது என்றாலும், அடிப்படை உரிமையைக் காட்டி வாரியத்தை நேராகக் கேட்க முடியாது. நாட்டின் பெயரில் அணி அனுப்புகிற, நாட்டின் கொடியைச் சட்டையில் குத்துகிற அமைப்பு, பொறுப்பு என்று வரும்போது தனியார் சங்கம் ஆகிவிடுகிறது. விமர்சித்தால் மட்டும் தேசத்தையே விமர்சித்ததாகப் பொருள். சம்பள முதலாளி அரசாக இருப்பதால் நடத்தை விதி, ஆட்ட முதலாளி அரசாக இல்லாததால் உரிமைக் குறைவு. வீரரின் கழுத்து இரண்டு பக்கமும் மாட்டுகிறது.

வெளிநாட்டு உதாரணங்களை இங்கே எல்லோரும் சொல்வார்கள். 1968 அக்டோபரில் மெக்ஸிகோ ஒலிம்பிக் மேடையில் கறுப்புக் கையுறையோடு முஷ்டி உயர்த்திய டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ். 2016 இல் தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக். முன்னவர்கள் அணியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பின்னவரை 2017 க்குப் பிறகு எந்த அணியும் எடுக்கவில்லை, 2019 இல் லீக் அவரோடு சமரசம் பேசி முடித்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் பேச்சுரிமை அரசைத்தான் கட்டும், தனியார் முதலாளியை அல்ல என்பது அந்த விவகாரத்தில் பல அமெரிக்கர்களுக்கே புதிய செய்தியாக இருந்தது. ஆனால் நம் விஷயத்தை இந்த வரிசையில் அப்படியே கோர்த்துவிட முடியாது. அவர்கள் களத்தில் நின்று ஊரைப் பற்றிப் பேசினார்கள். நிறவெறி, போலீஸ் வன்முறை எல்லாம் மைதானத்துக்கு வெளியே இருப்பவை. வினேஷும் சாக்‌ஷியும் ஊர் நடுவே உட்கார்ந்து களத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒலிம்பிக் சாசனத்தின் 50 ஆவது விதி, போட்டி நடக்கும் இடத்தில் அரசியல் ஆர்ப்பாட்டம் கூடாது என்கிறது. அந்த விதியைக்கூட இவர்கள் மீறவில்லை. ஒரு தொழிற்சங்கம் செய்கிற வேலையை, தொழிற்சங்கம் இல்லாத ஒரு தொழிலில், மூன்று பேர் முன்னால் நின்று செய்தார்கள். நம் இடதுசாரிப் பத்திரிகைகள்கூட இதை ‘தேசத்தின் மகள்கள்’ என்ற பாஷையில்தான் ஆதரித்தன என்பது எனக்கு வருத்தம். மகள் என்றால் அப்பா காப்பாற்ற வேண்டும். தொழிலாளி என்றால் உரிமை கேட்கலாம்.

மே 30 அன்று ஹரித்துவாரில் பதக்கங்களைக் கங்கையில் விடப்போன காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமானது ஜூன் 5. அன்று அவர்கள் ரயில்வே வேலைக்குத் திரும்பிய செய்தி வந்தது. உடனே, போராட்டம் முடிந்தது என்று சேனல்கள் அறிவித்தன. வேலையும் பார்க்கிறேன், போராட்டமும் தொடர்கிறது என்று சாக்‌ஷி மறுத்தார். எங்கள் பதக்கத்தைப் பதினைந்து ரூபாய் என்று மதிப்பிட்டவர்கள் இப்போது எங்கள் வேலைக்குப் பின்னால் வருகிறார்கள், குறுக்கே வந்தால் வேலையை விடவும் தயங்க மாட்டோம் என்ற பொருளில் மற்ற இருவரும் எழுதினார்கள். பதக்கத்தைத் தண்ணீரில் விட ஒரு மாலை போதும். மாதச் சம்பளத்தை விடுவதுதான் கடைசி ஆயுதம் என்று அவர்களுக்கும் தெரியும், அவர்களை எதிர்த்தவர்களுக்கும் தெரியும். 2023 டிசம்பர் 21 அன்று பிரிஜ் பூஷணுக்கு நெருக்கமான சஞ்சய் சிங் கூட்டமைப்புத் தலைவரானபோது, சாக்‌ஷி தன் ஷூவை மேஜைமேல் வைத்துவிட்டு மல்யுத்தத்தை விட்டார். வேலையிடத்தில் கருவியைக் கீழே வைப்பது என்பதற்கு இதைவிடச் சரியான படம் எனக்குத் தெரியவில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் இருப்பவருக்கு வேலையிடம் என்றதும் ஸ்டேடியம் ஞாபகம் வராது, பட்டாசு அறைதான் வரும். ஒரு அறையில் சாதாரணமாக நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. விபத்து நடந்த பிறகு வரும் செய்திகளில் மாறாத ஒரு வரி, அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள் இருந்தார்கள் என்பது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் வெடித்த பிறகுதான் ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருந்த கதை ஊருக்கெல்லாம் தெரிந்தது. ‘இந்த அறையில் ஆறு பேர் இருக்கோம்’ என்று ஒருத்தி முந்தின நாள் சொல்லியிருந்தால்? அதுவும் பேச்சுரிமைதான், சொல்லப்போனால் உயிரோடு சேர்ந்த பேச்சுரிமை. அவளுக்கு மெமோ வராது, விசாரணை வராது. மறுநாள் காலையில் கம்பெனி வண்டி அவள் தெருமுனையில் நிற்காமல் போகும், அவ்வளவுதான். கூட்டமைப்பு ஒரு வீராங்கனையைத் தண்டிப்பதும் இதே மாதிரிதான். யாரும் அவரை நீக்குவதில்லை. தேர்வுப் பட்டியலில் பெயர் வராது.

இந்த இடத்தில்தான் டீக்கடைக்காரரின், மன்னிக்கவும், கபடிக்காரரின் முதல் வாக்கியம் சரியாகிறது. நடத்தை விதி வாயைக் கட்டுகிறது. ஆனால் அதே விதிப்புத்தகம்தான் நோட்டீஸ் இல்லாமல், காரணம் சொல்லாமல் வெளியே தள்ள முடியாது என்றும் சொல்கிறது. ரயில்வே வேலை என்ற அந்தச் சின்னத் திட்டில் கால் வைத்துத்தான் மூன்று பேரும் பேசினார்கள். அந்தத் திட்டு இல்லாத எத்தனையோ இளம் வீராங்கனைகள் பேசவே இல்லை. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டுக்கென்று 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நம் கிராமத்துப் பிள்ளைகள் செவ்வாய் வெள்ளி பாராமல் மண்ணில் புரளுவது அந்த 3 சதவீதத்துக்காகத்தான், ஒலிம்பிக்குக்காக அல்ல. அதில் தப்பும் இல்லை. கிடைத்த பிறகு எதைப் பேசலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எதைப் பேசக் கூடாது என்று மட்டும் முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

2024 செப்டம்பர் 6 அன்று வினேஷ் ரயில்வே வேலையை ராஜினாமா செய்துவிட்டு காங்கிரஸில் சேர்ந்தார், பஜ்ரங்கும் சேர்ந்தார். ராகுல் காந்தியைச் சந்தித்ததற்காக ரயில்வே நோட்டீஸ் கொடுத்தது என்று காங்கிரஸ் தரப்பு சொன்னது. அப்போதே சொன்னேனே, எல்லாம் அரசியல் என்று ஒரு கூட்டம் குதித்தது. கட்சி சேரக் கூடாது என்று விதி இருக்கும்போது, கட்சி சேர்கிறவர் வேலையை விட்டுவிட்டுத்தானே சேர வேண்டும்? ஊழியராக இருந்துகொண்டே ஊழியராகப் பேச இடம் கொடுத்திருந்தால், எம்.எல்.ஏ. ஆகித்தான் பேச வேண்டும் என்ற நிலை வந்திருக்குமா என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. அக்டோபரில் அவர் ஜுலானா தொகுதியில் ஜெயித்தார்.

அந்த வாரம் கபடிக்காரரை மறுபடி பார்த்தேன். போலீஸ்காரர்களுக்கு 1966 இல் நாடாளுமன்றம் போட்ட தனிச் சட்டமே இருக்கிறது. சங்கம் சேர, பத்திரிகையில் பேச அனுமதி வாங்க வேண்டும். அதை அவரிடம் சொன்னேன். அவருக்குச் சட்டத்தின் பெயர் தெரியாது, சாரம் தெரிந்திருந்தது. நீங்களும் விளையாட்டுக்காரர்தானே அண்ணே, உங்கள் டீமில் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். சிரித்தார்.

“இருக்கு தம்பி, நெறையா இருக்கு. ரிட்டயர்டாக இன்னும் பதினாறு வருசம் கெடக்கு. அப்ப வாங்க, சொல்றேன்.”