கம்பியில் செல்வது அலையா, எண்ணா?

மாணவர்களே! ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்தது ஜூஜுவாடி. அருகிலேயே சிப்காட் தொழிற்பேட்டை. இத்தகைய தொழிற்பேட்டைகளின் ஆலைகளில், உலையின் வெப்பநிலை போன்ற அளவுகளைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டு செல்வது பெரும்பாலும் ஒரு ஜோடி செம்புக் கம்பிதான். அதில் செய்தி செல்வது அனலாக் முறையிலா, டிஜிட்டல் முறையிலா?

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். 0 டிகிரிக்கு 4 மில்லி ஆம்பியர், 200 டிகிரிக்கு 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 100 டிகிரிக்கு 12 மில்லி ஆம்பியர் வரும். வெப்பநிலை ஏற ஏற மின்னோட்டமும் இடைவெளியின்றி ஏறுகிறது. இதுவே அனலாக்.

ஏன் 4-இல் தொடங்க வேண்டும்? 0-இல் தொடங்கினால், கம்பி அறுந்தபோதும் கருவி 0 டிகிரி என்றே காட்டும். கொதிக்கும் உலையைக் குளிர்ந்த உலை என்று நம்பினால் ஆபத்தல்லவா? 4-இல் தொடங்கினால், மின்னோட்டம் 0 ஆனதுமே பழுது தெரிந்துவிடும்.

ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு. பக்கத்திலுள்ள மோட்டாரின் தூண்டலால் 0.16 மில்லி ஆம்பியர் கூடினால், கருவி 2 டிகிரி அதிகமாகக் காட்டும்.

டிஜிட்டல் முறையில் அளவை 0, 1 என்னும் இலக்கங்களாக மாற்றி அனுப்புகிறோம். ஆலைகளில் வழங்கும் ஆர்.எஸ்.485 முறையில், இரு கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடு +0.2 வோல்ட்டுக்கு மேலிருந்தால் ஓர் இலக்கம், -0.2 வோல்ட்டுக்குக் கீழிருந்தால் மற்றோர் இலக்கம். 1.5 வோல்ட்டாகப் புறப்பட்டது 1.1 வோல்ட்டாக வந்து சேர்ந்தாலும் இலக்கம் மாறாது.

அப்படியானால் கம்பிக்குள் எண்கள் ஓடுகின்றனவா? இல்லை. சதுர வடிவில் அனுப்பிய துடிப்பின் மூலைகளைக் கம்பியின் மின்தடையும் மின்தேக்குதிறனும் மழுக்கிவிடுகின்றன. கம்பியில் இருப்பது எப்போதும் தொடர்ச்சியாக மாறும் மின்னழுத்தமே. அதை 0 என்றோ 1 என்றோ தீர்மானிப்பது மறுமுனையிலுள்ள கருவி.

1980-களில் உருவான ‘ஹார்ட்’ முறையோ இரண்டையும் ஒரே ஜோடிக் கம்பியில் அனுப்புகிறது! மெதுவாக மாறும் மின்னோட்டம் வெப்பநிலையைச் சொல்லும். அதன்மேல் ஏறிச் செல்லும் 1200 ஹெர்ட்ஸ் அலை 1 என்பதையும், 2200 ஹெர்ட்ஸ் அலை 0 என்பதையும் குறிக்கும். இவ்வலைகளின் சராசரி சுழியாதலால் வெப்பநிலை அளவு கெடுவதில்லை.

ஆகவே, அனலாக், டிஜிட்டல் என்பவை செம்பின் குணங்கள் அல்ல. அனுப்புபவரும் பெறுபவரும் செய்துகொண்ட ஏற்பாடுகள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேற்சொன்ன உலையிலிருந்து 8 மில்லி ஆம்பியர் வந்தால் வெப்பநிலை என்ன? 2 மில்லி ஆம்பியர் வந்தால் என்ன செய்வீர்கள்?