எலும்பும் மூட்டும் – 17: இறுகிப்போன தோள்

தலை பின்னக் கை எட்டவில்லை. பேன்ட்டின் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க முடியவில்லை. பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்தால் தோளில் சுரீர் என்கிறது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் போய்விடுகிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அதிலும் பெண்கள், இந்தக் குறைகளோடு வரும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ எனப்படும் உறைந்த தோளைத்தான்.

பலர் இதை ‘வாயுப் பிடிப்பு’ என்று நினைத்து மாதக்கணக்கில் தைலம் தேய்த்துவிட்டு, கை காதுவரைகூட எழாத நிலையில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். முதல் சில வாரங்களிலேயே வந்திருந்தால் அவர்களுடைய வலியைப் பெருமளவு குறைத்திருக்கலாம்.

உள்ளே நடப்பது என்ன?

நம் உடலில் மிக அதிகமான திசைகளில் அசையக்கூடிய மூட்டு தோள். அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. கையை மேலே தூக்க வசதியாக, அக்குள் பக்கம் அது மடிப்பு மடிப்பாகத் தளர்ந்திருக்கும். உறைந்த தோளில் இந்த உறை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுகிறது. துவைத்ததில் கைப்பகுதி சுருங்கிய ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள். அந்தத் தோளின் நிலை புரியும். எலும்பு தேயவில்லை, நரம்பு அறுபடவில்லை. அதனால்தான் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை.

கண்டறிவது எப்படி?

ஸ்கேனைவிட இதில் மருத்துவரின் கைக்கே வேலை அதிகம். நோயாளி இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடக்கிக்கொள்ள வேண்டும். பிறகு முன்கைகளை வெளிப்பக்கம் விரிக்க வேண்டும். நல்ல கை தாராளமாக விரியும். பாதிக்கப்பட்ட கை பாதியிலேயே நின்றுவிடும். மருத்துவர் பிடித்து மெல்லத் திருப்பினாலும் அதே இடத்தில்தான் முட்டி நிற்கும்.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். தசைநார் கிழிந்திருந்தால் நோயாளியால் தானாகக் கையைத் தூக்க முடியாது. ஆனால் பிறர் தூக்கிவிட்டால் பெரும்பாலும் மேலே போகும். உறைந்த தோளில் யார் தூக்கினாலும் போகாது. மூட்டுத் தேய்மானம், பழைய மூட்டு விலகல் போன்றவையும் இப்படி இறுக்கம் காட்டும் என்பதால், அவை இல்லை என்று உறுதிசெய்ய ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது.

சர்க்கரையும் தோளும்

பொதுவாக நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும் இந்தத் தொல்லை, சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேரைப் பிடிக்கிறது. அவர்களுக்கு இறுக்கம் கூடுதலாகவும் இருக்கும், நீண்ட நாளும் நிற்கும். ரத்தத்தில் நீண்ட காலம் மிகுந்திருக்கும் சர்க்கரை, உறையில் உள்ள கொலாஜன் புரதத்தோடு ஒட்டி அதை விறைப்பாக்குவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். எனவே காரணமில்லாமல் தோள் இறுகினால் சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதையே தோள்வலிக்காக வந்த இடத்தில் தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு.

எலும்பு முறிவு, மார்பக அறுவை சிகிச்சை, பக்கவாதம் ஆகியவற்றுக்குப் பிறகு கையை நீண்ட நாள் அசைக்காமல் வைத்திருந்தாலும் தோள் இறுகலாம்.

மூன்று கட்டங்கள்

முதல் கட்டத்தில் வலிதான் பிரதானம். சில மாதங்கள் நீடிக்கும். அடுத்து வலி தணியும், இறுக்கம் அப்படியே இருக்கும். மூன்றாவதாக இறுக்கம் மெல்ல மெல்ல விடும். எல்லாம் முடிய ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். பெரும்பாலோர் நல்ல நிலைக்குத் திரும்புகிறார்கள். சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் தங்கிவிடும்.

வலி மிகுந்த முதல் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நல்ல பலன் தரும். சர்க்கரை நோயாளிகள் பயப்பட வேண்டாம். ஆனால் ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். கூடவே பயிற்சிகள்: முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டுவது, சுவரில் விரல்களால் படிப்படியாக மேலே ஏறுவது, மல்லாந்து படுத்து, இரு கைகளாலும் ஒரு குச்சியைப் பிடித்து, நல்ல கையால் மற்றக் கையை வெளிப்பக்கம் தள்ளுவது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, தினமும் இரண்டு மூன்று வேளை, சிறிது சிறிதாகச் செய்யுங்கள். இழுவிசை தெரியலாம்; பயிற்சி முடிந்த பிறகும் வலி விடாமல் நின்றால் அளவைக் குறையுங்கள்.

அறுவை சிகிச்சை செய்தால் சீக்கிரம் தீராதா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பிரிட்டனில் 503 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. மயக்க மருந்து கொடுத்துத் தோளை அசைத்துவிடுதல், துளைவழி அறுவை சிகிச்சை, ஸ்டீராய்டு ஊசியோடு பிசியோதெரபி ஆகிய மூன்றையும் அது ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் மூன்று குழுவினருமே நன்கு தேறியிருந்தார்கள். எந்த முறையும் மற்றதைவிடக் குறிப்பிடும்படி மேலானதாக இல்லை. ஆகவே ஊசியும் பயிற்சியும் முதலில். மாதக்கணக்கில் முயன்றும் பலன் இல்லாதவர்களுக்கே மற்றவை.

இவற்றைச் செய்யாதீர்கள்

வலிக்கிறதே என்று கையைத் தூளியில் கட்டித் தொங்கவிடாதீர்கள், இறுக்கம் கூடும். சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி யாரும் கையை வெடுக்கென்று இழுக்க விடாதீர்கள். இறுகிய தோளைப் பலவந்தமாகத் திருப்பினால் எலும்பே முறியலாம்.

இடது தோளில் வலி, கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சில் பாரம், அல்லது படியேறும்போது மட்டும் வந்து நின்றால் தணிகிற வலி என்றால் அது இதயமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போய் இசிஜி எடுங்கள். காய்ச்சலோடு வீங்கும் தோளையும், விழுந்த பிறகோ வலிப்பு வந்த பிறகோ தூக்க முடியாமல் போன கையையும் அன்றே காட்டிவிட வேண்டும்.

சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறை கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளையும் தூக்கிப் பாருங்கள். ஒன்று தாழ்ந்து நின்றால் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

(தொடரும்)