யாருக்கு எந்த வீட்டுக்கடன் பொருந்தும்?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றனர் நம் பெரியோர். தோட்ட வீடு நமக்கு வேலை இருக்கும் வரைதான். ஓய்வு பெற்ற பின் பெட்டி படுக்கையோடு எங்கே போவது? சொந்த வீடு நமக்கு ஆடம்பரமன்று, அவசியம். ஆனால், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த கடனையே நாமும் எடுக்கலாமா? கூடாது. அவர் வருமானம் வேறு, நம் வருமானம் வேறு.

மாதச் சம்பளம் பெறும் இளையோருக்கு வங்கிக் கடன் ஏற்றது. முன்பணத்துக்கு ஊழியர் சேமநிதியின் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: பெரும்பாலான வங்கிக் கடன்களின் வட்டி ஏறும், இறங்கும். ஏறினாலும் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

நிரந்தர அரசு ஊழியர்கள் முதலில் எல்.பி.பி.எஸ்.ஏ. எனும் பொதுத்துறை வீட்டுநிதி வாரியத்தை விசாரிக்க வேண்டும். அங்கு வட்டி 4 விழுக்காடு, இடையில் மாறாது.

கடை வைத்திருப்பவர், லாரி ஓட்டுபவர், பலகாரம் விற்பவர் ஆகியோருக்குச் சம்பளச் சீட்டு இல்லையே! அவர்களுக்காகவே அரசாங்கத்தின் எஸ்.ஜே.கே.பி. உத்தரவாதத் திட்டம் உள்ளது. அன்றாட வரும்படியை வங்கியில் போட்டு, கணக்கு எழுதி வைத்தால் அதுவே சாட்சியாகும்.

ஐம்பது வயதைத் தொட்டவர்களின் நிலை என்ன? பல வங்கிகள் 35 ஆண்டு அல்லது 70 வயது வரைதான் தவணை கொடுக்கும். எனவே அவர்களுக்குக் கிடைப்பது இருபதே ஆண்டு. மகனோ மகளோ சேர்ந்து மனுச் செய்தால் இருவர் வருமானமும் கணக்கில் வரும். ஆனால் ஒருவர் கட்டத் தவறினால், முழுச் சுமையும் மற்றவர் தலையில் விழும். இதை முன்கூட்டியே குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு லட்சம் வெள்ளிக் கடனுக்கு வட்டி 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 20 ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 606 வெள்ளி. மொத்தம் 1,45,400 வெள்ளி. 35 ஆண்டில் கட்டினால் மாதம் 443 வெள்ளிதான். ஆனால் மொத்தம் 1,86,000 வெள்ளி! மாதத் தவணை குறைந்ததென்று மகிழ்பவர், நாற்பதாயிரம் வெள்ளிக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறார். கையில் இறுக்கமிருந்தால் நீண்ட தவணை எடுப்பதில் தவறில்லை. தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மனுச் செய்வதற்கு முந்திய 12 மாதங்கள் மோட்டார் சைக்கிள் தவணையைக்கூடத் தவறவிடாதீர்கள். பேங்க் நெகாராவின் சி.சி.ரிஸ் பதிவில் அந்தக் கணக்கெல்லாம் வங்கியின் கண்ணில் படும்.

கையெழுத்திடுமுன் கேளுங்கள்: வட்டி மாறுமா? கடனை முன்னதாகத் தீர்த்தால் அபராதம் உண்டா? கட்டுபவர் இறந்தால் கடனை அடைக்கக் காப்புறுதி இருக்கிறதா? கேட்க வெட்கப்பட வேண்டாம். கட்டப் போவது நம் வியர்வைக் காசல்லவா!