எடை குறைந்த பாட்டரி

விரைவை நாடுவோர்க்கு எடையே பகை. ஒரு மோட்டார் காரின் எஞ்சின் எத்துணை ஆற்றல் வாய்ந்ததாயினும், அது காரின் எடையையும் சுமந்தே ஓட வேண்டும். புறப்படும்போது அவ்வெடையை உந்த வேண்டும். திருப்பத்தில் வளைக்க வேண்டும். நிற்கும்போது தடுத்து நிறுத்த வேண்டும். ஆதலின் விரைவுக் கார்களை அமைக்கும் பொறியியலார் ஒவ்வொரு கிலோகிராமையும் எண்ணிக் குறைப்பர். ஜெர்மனி நாட்டின் போர்ஷே நிறுவனம் அமைத்த பாக்ஸ்டர் ஸ்பைடர் என்னும் காரில், கதவின் உட்புறக் கைப்பிடிக்கு மாற்றாகத் துணிப்பட்டை வைக்கப்பட்டது. வானொலியும் குளிரூட்டும் கருவியும் வேண்டுவோர்க்கு மட்டுமே பொருத்தப்பட்டன. இவ்வாறு தேடிச் சென்ற கண்களுக்கு, காரின் முன்பகுதியில் ஒதுங்கிக் கிடந்த ஒரு கனத்த பெட்டியும் தப்பவில்லை. அதுவே பாட்டரி.

பாட்டரியின் முதற்பணி எஞ்சினைத் துயிலெழுப்புவது. முற்காலத்தில் இப்பணியை மனிதன் கையே செய்தது. எஞ்சினின் முன்புறத்தில் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகி, வலிந்து சுழற்றுவர். எஞ்சின் சிலவேளை எதிர்த்திசையில் உதைத்துத் திரும்பும்; அப்போது கைப்பிடி சுழற்றுவோர் கையை முறித்துவிடும். இத்துன்பத்தை நீக்க எண்ணியவர் அமெரிக்க நாட்டுச் சார்லஸ் கெட்டரிங். அவர் அமைத்த மின் தொடக்கி, 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது.

எஞ்சினைச் சுழற்றவல்ல மின்மோட்டார் மிகப் பெரிதாக இருத்தல் வேண்டுமே என்று பலர் ஐயுற்றனர். கெட்டரிங் முன்னரே கடைகளில் பணக்கணக்குப் பதியும் பொறிக்கு மின்மோட்டார் அமைத்தவர். ஒரு சிறு மோட்டாரும் சில விநாடிகளுக்கு மட்டும் தன் அளவை மீறிய பளுவைத் தாங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். எஞ்சினைத் தொடக்கி வைக்க அச்சில விநாடிகளே போதும். மோட்டாரைப் பற்றி அவர் கண்ட இவ்வுண்மை, ஏறத்தாழ நூறாண்டு கழித்து, பாட்டரியைப் பற்றிய ஒரு மாற்றத்திற்கும் வழிகாட்டியது.

காரில் நெடுங்காலம் பணியாற்றி வருவது ஈயப் பாட்டரி. பிரான்சு நாட்டுக் காஸ்டன் பிளாண்டே 1859ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். ஈயத் தகடும் ஈய ஆக்சைடுத் தகடும் கந்தக அமிலம் கலந்த நீரில் அமிழ்ந்திருக்கும். மின்னோட்டம் வெளிப்படும்போது இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட்டு உண்டாகும். மின்னேற்றம் செய்தால் அவை பழைய நிலையை அடையும். இத்தகைய அறை ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட்டு மின்னழுத்தம் தரும். ஆறு அறைகளை வரிசையாக இணைத்தால் 12 வோல்ட்டு பாட்டரி ஆகும். இது விலை மலிவானது. குளிரையும் ஓரளவு பொறுப்பது. ஆயினும் ஈயம் நீரினும் 11 மடங்குக்கு மேல் அடர்த்தி உடையது. எனவே பாட்டரியும் கனத்ததாக இருப்பது இயல்பே.

உலோகங்களுள் மிக இலேசானது லித்தியம். அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழப் பாதியே. ஸ்வீடன் நாட்டின் ஊத்தோ தீவிற் கிடைத்த கனிமத்தை ஆராய்ந்த யோஹான் ஆகஸ்ட் ஆர்ஃப்வெட்சன் 1817ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். கல்லினின்று கிடைத்தமையால், கல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டனர். லித்தியம் அயனிப் பாட்டரி ஆக்கத்திற்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவர் 2019ஆம் ஆண்டில் வேதியியல் நோபெல் பரிசு பெற்றனர். அப்போது குடினஃபின் வயது 97. நோபெல் பரிசு பெற்றோருள் அவரே மிக முதியவர்.

இப்பாட்டரியின் ஒரு முனையில் கரியின் நுண்ணிய அடுக்குகள் உள்ளன. எஞ்சினைத் தொடக்கும் பாட்டரிகளில் மறுமுனை பெரும்பாலும் இரும்புப் பாஸ்பேட்டால் ஆனது. பாஸ்பேட்டு தன்னிடமுள்ள ஆக்சிஜனை இறுகப் பற்றியிருப்பதால், பிற லித்தியம் வகைகளை நோக்க இதில் தீப்பற்றும் அச்சம் குறைவு. மின்னோட்டம் வெளிப்படும்போது லித்தியம் அயனிகள் கரியை விட்டுப் புறப்பட்டு மறுமுனையை அடையும். மின்னேற்றம் செய்கையில் கரிக்கே மீளும். ஈரூர்களுக்கிடையே போய்வரும் வழிப்போக்கரைப் போல அயனிகள் வந்து தங்கிச் செல்கின்றன. ஊர்கள் பெரிதும் மாறுவதில்லை. இவ்வகை அறை ஒன்று ஏறத்தாழ 3.2 வோல்ட்டு தரும். நான்கு அறைகளை இணைத்தால் 12.8 வோல்ட்டு ஆகின்றது. ஆறு ஈய அறைகள் தருவதற்கு இது நெருங்கிய அளவே. எனவே காரின் மின்னமைப்பைப் பெரிதும் மாற்றாமலே பாட்டரியை மாற்ற இயலும்.

இவ்வாய்ப்பைப் போர்ஷே நிறுவனம் பயன்படுத்திக்கொண்டது. 911 ஜி.டி.3, 911 ஜி.டி.3 ஆர்.எஸ்., பாக்ஸ்டர் ஸ்பைடர் ஆகிய மூவகைக் கார்களை வாங்குவோர், 2010ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல், விரும்பினால் லித்தியம் பாட்டரியைக் கேட்டுப் பெறலாம் என்று 2009ஆம் ஆண்டு நவம்பரில் அது அறிவித்தது. நீளமும் அகலமும் பழைய பாட்டரிக்கு ஒப்பானவை. உயரம் மட்டும் 70 மில்லிமீட்டர் குறைவு. எடை 6 கிலோகிராமிற்கும் குறைவு. பழைய 60 ஆம்பியர்-மணிப் பாட்டரியை நோக்க, 10 கிலோகிராமிற்கு மேல் சேமிப்பு. ஆனால் புதியதன் கொள்ளளவு 18 ஆம்பியர்-மணியே.

60 செய்த பணியை 18 செய்யுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. இங்குதான் கெட்டரிங் கண்ட உண்மை துணைநிற்கின்றது. வயலுக்கு நீர் பாய்ச்சுவது வேறு. கூரையிற் பற்றிய தீயை அணைப்பது வேறு. வயலுக்கு நெடுநேரம் ஓடும் நீர் வேண்டும். தீக்கோ குடத்து நீரனைத்தும் ஒரே கணத்திற் கொட்ட வேண்டும். எஞ்சினைத் தொடக்குவது தீயணைப்பதைப் போன்றது. 200 ஆம்பியர் மின்னோட்டம் இரண்டு விநாடி பாய்ந்தாலும், செலவாவது ஓர் ஆம்பியர்-மணியில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே. ஈயப் பாட்டரியின் கொள்ளளவில் நூற்றுக்கு 30 பங்கே நடைமுறையிற் பயன்படும் என்றும், லித்தியம் பாட்டரிக்கு அத்தடை இல்லை என்றும் போர்ஷே நிறுவனம் விளக்கியது. 60இல் நூற்றுக்கு 30 பங்கு 18 அன்றோ!

இவ்வளவு நன்மை வாய்ந்த பாட்டரிக்கும் எல்லைகள் உண்டு. முதலாவது எல்லை குளிர். வெப்பநிலை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் பாட்டரியினுள் அயனிகளின் நடை தளரும். எஞ்சினைச் சுழற்றும் வலிமை குன்றும். அந்நிலையில் மின்னேற்றம் செய்வது இன்னும் தீது. கரியடுக்குகளுள் விரைந்து புக இயலாத லித்தியம், அவற்றின் மேற்பரப்பில் உலோகமாகப் படியக்கூடும். அவ்வாறு படிந்தால் கொள்ளளவு நிலையாகக் குறையும். ஐரோப்பாவின் குளிர்காலத்தில் 0 டிகிரிக்குக் கீழான காலைப்பொழுது அரிதன்று.

இதனைப் போர்ஷே நிறுவனம் மறைக்கவில்லை. லித்தியம் பாட்டரியைக் கேட்டு வாங்கியவர்க்கு வழக்கமான ஈயப் பாட்டரி ஒன்றையும் உடன் அளித்தது. இரண்டும் ஒரே இடத்திற் பொருந்துமாறு அமைந்தவை. கோடையில் இலேசானதையும் குளிர்காலத்திற் கனத்ததையும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். புதுமையை விற்றவரே பழைமையையும் கையில் கொடுத்தனுப்பியது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரண்டாவது எல்லை சேமிப்பு. நிறுத்தி வைத்த காரிலும் கடிகாரம், திருட்டைத் தடுக்கும் மணி முதலியவை சிறிது மின்சாரத்தை உண்ணும். அவ்வளவு 50 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி செலவாகும். 18 ஆம்பியர்-மணி 15 நாளில் தீர்ந்துவிடும். ஞாயிறுதோறும் ஓட்டப்படும் காருக்கு இதனால் இடரில்லை. மாதக்கணக்கில் கொட்டகையில் உறங்கும் காருக்கு உண்டு. ஆதலின் அளவிறந்து வடிவதைத் தடுக்கும் மின்னணுக் காவலமைப்பு இத்தகைய பாட்டரியினுள் இருத்தல் வேண்டும். மின்னேற்றும் கருவியும் லித்தியத்திற்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். ஈயப் பாட்டரியிற் படிந்த சல்பேட்டைக் கரைப்பதற்கென மின்னழுத்தத்தை உயர்த்தும் கருவிகள் இதற்கு ஒவ்வா. எஞ்சினின் வெப்பம் நேரே தாக்கும் இடமும் இதற்கு உகந்ததன்று.

மூன்றாவது எல்லை விலை. அந்நாளில் ஜெர்மனியில் இப்பாட்டரியின் விலை 1,904 யூரோ. 911 ஜி.டி.3 காரின் எடை 1,395 கிலோகிராம். அதிலிருந்து 10 கிலோகிராம் குறைவது நூற்றில் ஒரு பங்கினும் சிறிது. அச்சிறு பங்கிற்கு இத்துணைப் பொருள் தகுமோ எனின், விடை காருக்குக் கார் மாறும். பந்தயப் பாதையில் விநாடியின் சிறு பகுதியும் வெற்றி தோல்வியை முடிவு செய்யும். அங்கே அது தகும். முன்பகுதியின் சுமை குறைவதால் திருப்பத்தில் கார் இன்னும் விரைந்து வளையவும் கூடும். நாள்தோறும் அலுவலகம் சென்று மீளும் காருக்கோ, மலிவும் பொறுமையும் உடைய ஈயப் பாட்டரியே உற்ற துணை.

எனவே இலேசானதே சிறந்தது என்றோ, பழகியதே சிறந்தது என்றோ முடிவு கட்டுதல் பொருந்தாது. செய்ய வேண்டிய பணி யாது, அதற்கு வேண்டிய ஆற்றல் எவ்வளவு, அது நிகழும் காலமும் இடமும் எத்தகையன என்று முதலில் ஆராய்தல் வேண்டும். ஒரு கணத்து வேகமே போதும் என்று அறிந்ததனால் கெட்டரிங் சிறு மோட்டாரைக் கொண்டு பெரிய எஞ்சினைச் சுழற்றினார். அதனையே அறிந்து, பின்வந்த பொறியியலார் பெரிய பாட்டரியைச் சிறிதாக்கினர். குளிரின் முன் அச்சிறு பாட்டரி தளரும் என்பதையும் அறிந்தமையால், பழைய பாட்டரியையும் உடன் வைத்தனர். ஒரு பொருளின் ஆற்றலை அறிவது அறிவின் ஒரு பாதி. அதன் எல்லையை அறிவதே மறுபாதி.