நூற்றில் 82-ஐத் திருப்பும் கண்ணாடி

காரைக்காலில் ஃபைபர் இணைப்பு வாங்கிய வீடுகளில் சுவரோரம் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கண்ணாடி இழை வழியே 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வந்துசேரும் அகச்சிவப்பு ஒளியை, அதற்குள் இருக்கும் ஒளியுணரி மின்சாரமாக மாற்றுகிறது. சினிமாவோ ஆன்லைன் வகுப்போ, எல்லாம் அந்தப் பொட்டளவு உணரி வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது.

ஒளியுணரியின் வேலை ஒன்றே ஒன்று. விழுகிற ஃபோட்டானை விழுங்கி ஓர் எலக்ட்ரானை விடுவிக்க வேண்டும். நூறு ஃபோட்டானுக்கு எத்தனை எலக்ட்ரான் தேறுகிறது என்பதே அதன் திறன். இந்த வகை ஒளிக்கு இண்டியம் காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியைப் பயன்படுத்துவது வழக்கம். ஒளியில் பெரும்பகுதியை விழுங்க அந்த அடுக்கு இரண்டு மூன்று மைக்ரான் தடிமனாவது இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். எலக்ட்ரான் நொடிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும், இரண்டு மைக்ரானைக் கடக்க 20 பிக்கோசெகண்டு ஆகிறது. வீட்டு இணைப்புக்கு அது தாராளம்; அதிவேகத் தகவல் தொடர்புக்குப் போதாது. அடுக்கை 0.1 மைக்ரானாகச் சீவினால் ஒரே பிக்கோசெகண்டு. ஆனால் ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஊடுருவிப் போய்விடும். வேகம் வந்தால் திறன் போகிறது, திறன் வந்தால் வேகம் போகிறது.

இதை அவிழ்க்கும் வழி ஒரு பழைய கருவியில் இருந்தது. 1899-இல் பிரான்சின் மார்செய் நகரத்தில் ஷார்ல் ஃபாப்ரி, ஆல்ஃபிரட் பெரோ என்ற இரண்டு இயற்பியலாளர்கள், மெல்லிய வெள்ளிப்பூச்சு கொண்ட இரு கண்ணாடித் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி ஒளியின் அலைநீளத்தை நுட்பமாக அளந்தார்கள். காரைக்காலும் அன்று பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. மார்செய் இந்த ஊர்க்காரர்கள் கேள்விப்பட்ட துறைமுகம். சலூனில் எதிரெதிராக மாட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் நம் தலை வரிசையாகத் தெரிகிறதே, அதே மாதிரி ஒளி இரு தகடுகளுக்கு இடையே போய்ப்போய்த் திரும்புகிறது. இடைவெளி அரை அலைநீளத்தின் முழு மடங்காக இருந்தால், திரும்பும் அலைகள் முகட்டோடு முகடு சேர்ந்து வலுக்கும். இதுதான் ஒத்திசைவு.

மெல்லிய உணரி அடுக்கை இப்படி இரு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்தால், முதல் முறை தப்பிய ஒளி இரண்டாம் முறை, பத்தாம் முறை என்று திரும்பத் திரும்ப அதன் வழியே போயாக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் இந்த வடிவமைப்பு ஆய்வுக்கூடங்களில் முறையாக வளர்ந்தது. கண்ணாடிக்கு வெள்ளி தேவையில்லை. இரண்டு வகைக் குறைக்கடத்தியைக் கால் அலைநீளத் தடிமனில் மாற்றி மாற்றி அடுக்கினால் அதுவே கண்ணாடியாகிவிடும்.

இதில் என்னை மிகவும் கவர்வது முன்பக்கக் கண்ணாடி. ஒரு முறை கடக்கும்போது ஒளியில் சுமார் 9.5 சதவீதத்தை மட்டுமே விழுங்கும் அடுக்கை எடுத்துக்கொள்வோம். பின்னால் எல்லா ஒளியையும் திருப்பும் கண்ணாடி. முன்னால்? விழுவதில் 82 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி வேண்டும் என்கிறது கணக்கு. வாசலிலேயே 82 பங்கை விரட்டினால் உள்ளே என்ன மிஞ்சும் என்று தோன்றும். நடப்பது வேறு. உள்ளே சுற்றும் ஒளி முன்கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வெளியே கசிகிறது. அந்தக் கசிவும், வாசலில் திரும்பிய ஒளியும் அளவில் சமம், முகடும் பள்ளமுமாக எதிரெதிர். ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. திரும்பிப் போக ஒளியே இல்லை என்றால் அத்தனையும் அடுக்குக்குள்தான் போயிருக்க வேண்டும். கணக்குப்படி திறன் 100 சதவீதம்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. அலைநீளம் பொருந்தாவிட்டால் அந்த முன்கண்ணாடி வெறும் கண்ணாடியாகிப் பெரும்பகுதி ஒளியைத் திருப்பிவிடும். 1550 நானோமீட்டர் ஒளிக்கு இந்தப் பொருள்களுக்குள் அரை அலைநீளம் சுமார் 240 நானோமீட்டர்தான். கண்ணாடிகளுக்கு இடையிலான ஒளியறையின் தடிமனில் ஒரு சதவீதம் பிசகினால் ஒத்திசைவு சுமார் 15 நானோமீட்டர் விலகிப் போகும். ஒளி சாய்வாக விழுந்தாலும் விலகும். வெயிலை மின்சாரமாக்கும் பலகைக்கு இந்த உத்தி ஒத்துவராது. ஒரே நிற லேசருக்குத்தான் கச்சிதம்.

ஒற்றை ஃபோட்டானையும் பிடிக்கும் மீக்கடத்தி நுண்கம்பி உணரிகளில் இது இன்னும் பலன் தந்தது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள அந்தக் கம்பிகள் தனியே நின்றால் ஒளியைச் சரியாகப் பிடிப்பதில்லை. 2006-இல் ஒளியறை சேர்த்து 57 சதவீதம் எட்டினார்கள். 2020-இல் அமெரிக்காவில் 98 சதவீதம். குவாண்டம் தகவல் தொடர்புக்கு இவை தேவை. 2023-இல் ஒப்புதல் பெற்ற இந்தியாவின் தேசிய குவாண்டம் திட்டத்தில் அந்தத் துறைக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்திருக்கிறது.

2010-இல் தொடங்கி, இப்போது காரைக்கால் திருவேட்டக்குடியில் இயங்கும் என்.ஐ.டி.யின் மின்னணுவியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுக்குகளை வளர்க்கக் கோடிக்கணக்கில் இயந்திரம் வேண்டும். வடிவமைக்க ஒரு மடிக்கணினி போதும். மேலே சொன்ன அடுக்கையே எடுத்து, முன்கண்ணாடியின் திருப்புதிறனை 0-இலிருந்து 99 சதவீதம் வரை மாற்றி வரைபடம் போட்டுப் பாருங்கள். கண்ணாடியே இல்லாதபோது திறன் 18 சதவீதம். 82-இல் உச்சம். 99-க்குப் போனால் மறுபடி அதே 18.